அலமாரிக்குள் பீரோ

…இடது முழங்காலை எங்கே வைப்பது என்பதுதான் இப்போதைக்குப் பெரிய பிரச்சினை. நீட்டினால் கதவில் இடிக்கும், மடக்கினால் பூட்ஸின் விளிம்பு தொடையைக் குத்தும், குத்தினால் குத்தட்டும், கதவு அசைந்துவிடக் கூடாது, அசைந்தால் மேஸ்திரி கத்துவாள், ஏற்கெனவே கத்தியாயிற்று. காதோரத்தில் ஒரு ஹேங்கர் தொங்கிக்கொண்டிருந்தது, அவன் மூச்சுவிடும்போதெல்லாம் அதுவும் ஆடிக் கன்னத்தை உரசியது, அதில் மாட்டியிருந்தது மேஸ்திரியின் சித்தியுடைய கம்பளிச் சட்டை, அந்தம்மாள் நர்ஸ், அதனால்தானோ என்னவோ அலமாரிக்குள் துணி வாசனையோடு மருந்து வாசனையும் கொஞ்சம் கலந்திருந்தது… கொலைகாரனுக்குக் கால் மரத்துப்போகுமா? இத்தனை படம் பார்த்திருக்கிறான், அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் காரின் பின்சீட்டிலும் மணிக்கணக்காக ஒளிந்திருந்துவிட்டு வருகிறவர்களில் ஒருத்தனாவது நொண்டிக்கொண்டே வந்ததுண்டா? அவனிடம் யாராவது படம் எடுக்கச் சொன்னால் அப்படித்தான் எடுப்பான், கதவு கிரீச்சென்று திறக்கும், உள்ளேயிருந்து ஒருத்தன் கத்தியோடு வருவான், வந்து, ஒரு நிமிஷம் இருங்க, கால் மரத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காலை உதறுவான். ஆனால் யார் எடுக்கச் சொல்லப்போகிறார்கள்.

மேஸ்திரி என்றால் கட்டட வேலை பார்க்கிற மேஸ்திரி இல்லை, கூடப் படிக்கிற பெண்தான், நாலு பேர் சேர்ந்து நின்றால் ஆளுக்கொரு வேலை சொல்லாமல் அவளால் இருக்க முடியாது, அதனால் வந்த பெயர். அவனுக்கு வந்த பெயர் பீரோ. கல்லூரிக்கு வந்த முதல் நாள் வகுப்பு வாசலில் யாரையோ வழி கேட்டுக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல், அந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்துங்கப்பா, உள்ள போகணும் என்றது, அவ்வளவுதான், அன்றைக்கு ஒட்டியது இன்னும் போகவில்லை, ஆசிரியர்களே சில சமயம் வாய் தவறிக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இன்றைக்குக் காலையில் இந்த அலமாரிக்குள் அவன் உடம்பைக் கோணலாக்கி நுழைந்தபோது கேமராக்காரன், அலமாரிக்குள்ள பீரோவை வெச்சு மூடினது உலகத்துலயே நாமதான்டா என்றான், எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், நல்ல நகைச்சுவைதான், அதில் ஒன்றும் இல்லை… அதில் ஒன்றுமே இல்லை என்றால் ஏன் காலையிலிருந்து அதையே மென்றுகொண்டிருக்கிறான்?

வெளியே மத்தியான வெயில். அறைக்குள் ராத்திரி. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி ஒட்டி, துணியின் ஓரங்களில் நாடா ஒட்டி, நாடாவின் இடுக்கில் கசிந்த வெளிச்சத்துக்குப் பழைய போர்வையைச் சொருகி, ஒரே ஒரு மேஜை விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார்கள். சித்திக்காரி வேலை முடிந்து வருவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து வீட்டை வீடாக்கிவிட வேண்டும், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அடுப்படியைத் தொடக் கூடாது, இதெல்லாம் நிபந்தனை. எடுப்பது முழுப் படம் கூட இல்லை, தொடக்கம் மட்டும். திகில் படம் ஒன்று இப்படி ஆரம்பிக்கிறது என்று காட்டினால் போதும், மீதிப் படம் உங்கள் தலையெழுத்து என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அதற்கென்று சில வழக்கங்கள் உண்டு, வீட்டில் தனியாக ஒரு பெண், எடுத்தால் எதிர்முனையில் யாரும் பேசாத போன், பாதி திறந்து கிடக்கிற கதவு, முதலில் ஒரு பொய்ப் பயம், அது வெறும் காற்று என்று தெரிந்து அவள் பெருமூச்சு விட்டதும் நிஜப் பயம், நடுநடுவே பெயர்கள் ஓட வேண்டும், கொலைகாரனின் முகத்தை மட்டும் காட்டவே கூடாது. வரப்போகுதுன்னு பார்க்கிறவனுக்குத் தெரியணும், எப்ப வரும்னு தெரியக் கூடாது, அவ்வளவுதான் வித்தை என்றார். முகமே காட்டப்போவதில்லை என்றால் எதற்கு நான், வேறு யாரையாவது போடேன், நான் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் அவன் கேட்கத்தான் கேட்டான். உன் கை போதும்டா, அந்த விரலைப் பார்த்தாலே பாதிப் பேர் எழுந்து ஓடிடுவாங்க என்றாள். பாராட்டுதானே அது? பாராட்டாகத்தான் சொன்னாள்.

அவன் இந்தப் படிப்புக்கு வந்தது சத்தத்துக்காக. அதை யாரிடம் சொன்னாலும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார்கள், இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு சின்ன ஆசையா என்பது போல. சாவியைக் கண்ணாடி மேஜையில் வைப்பதற்கும் மர மேஜையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், மாடிப்படியில் கோபமாக ஏறுகிறவனின் செருப்புச் சத்தம், பக்கத்து அறையில் ஒருத்தர் அழுகையை அடக்கும்போது வருகிற சத்தம், இதையெல்லாம் பதிந்து வைத்துக்கொண்டு திரிகிறான். இந்த அலமாரிக் கதவு எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு திறக்கிறது, சித்திக்காரி அவ்வளவு ஒழுங்கு, அதனால் கல்லூரிக் கிடங்கின் இரும்புக் கதவு போடுகிற கிரீச்சை நேற்றே போய்ப் பதிந்து வந்துவிட்டான், பிறகு இதில் ஒட்டிவிடலாம். பதிவுக் கருவியைக் கட்டிலுக்கடியில், அலமாரியைப் பார்த்த மாதிரி நாடா போட்டு ஒட்டியதும் அவன்தான். ஒட்டிவிட்டுத்தான் கொலைகாரனாகப் போய் உட்கார்ந்தான். போன வருஷம் இன்னொரு குழுவுக்கு அடியாள், அதற்கு முன்னால் மதுக்கடை வாசலில் நிற்கிற தடியன், ஒரு தடவை பிணம், அந்தப் பிணத்தைத் தூக்க ஆள் போதாமல் காட்சியையே மாற்றினார்கள். காதலனுக்கு நண்பன், தபால்காரன், கணக்கு வாத்தியார், இப்படி ஒரு வேஷத்துக்கு யாருமே அவனை நினைக்கவில்லை.

"ரோலிங்," என்றான் வெளியே கேமராக்காரன். "ஆக்‌ஷன்," என்றாள் மேஸ்திரி.

சுண்டு நடந்து வருகிற சத்தம். நாடகத் துறையில் முதல் வருஷம் படிக்கிற பெண், ஆள் உருவத்தில் அவனுடைய தோள்பட்டைக்குக் கூட வரமாட்டாள், அதனால் சுண்டு. போனை எடுத்தாள், ஹலோ என்றாள், வைத்தாள். பொய்ப் பயம் ஆயிற்று. "யாரு?" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "யாரு?" அதுதான் சமிக்ஞை. அவன் கையுறை போட்ட விரல்களைக் கதவிடுக்கு வழியாக மெல்ல வெளியே விட்டான், ஒவ்வொன்றாக, சொல்லிக்கொடுத்த மாதிரியே… சுண்டு கத்தினாள், கத்தலின் பாதியில் அது சிரிப்பாக மாறியது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள் போல, கட்டில் முனகியது. "சாரிக்கா, சாரி… அந்த விரலைப் பார்த்தா அண்ணா ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்ததுதான் ஞாபகம் வருது," என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஆரஞ்சுப் பழம் உரித்தான், சுளையிலிருந்த நாரையெல்லாம் நிதானமாகப் பிரித்து ஒரு காகிதத்தில் அடுக்கி அவளிடம் நீட்டினான், எங்க அம்மாகூட இவ்வளவு பொறுமையா உரிக்க மாட்டாங்க அண்ணா என்றாள். அலமாரிக்குள் இருட்டில் அவனுக்கும் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகக் கூட இருந்தது. அவன் கையைப் பார்த்து ஒருத்தி சிரிக்கிறாள், அதுவும் அவள் பயந்தே ஆக வேண்டிய இடத்தில்.

மேஸ்திரிக்குச் சந்தோஷமாக இல்லை. மறுபடி எடுத்தார்கள், மறுபடி சிரிப்பு, அடுத்ததில் சிரிக்கவில்லை, ஆனால் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கத்துகிற மாதிரி ஒரு கத்தல், மேஸ்திரி தலையில் கை வைத்திருப்பாள், வைத்தாள் என்றே அவனுக்கு உள்ளேயிருந்து தெரிந்தது, வளையல் சத்தம். இடைவேளை என்றாள். சுண்டுவைத் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அடுப்படிப் பக்கம் அனுப்பினாள். அலமாரிக் கதவு கொஞ்சமாகத் திறந்து அவளுடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"டேய், இந்தத் தடவை அவ 'யாரு'ன்னு கேட்டதும் வராத."

"அப்புறம்?"

"உள்ளயே இரு. மூச்சு விடாத. அவ கொஞ்ச நேரம் பார்ப்பா, என்ன ஆச்சுன்னு தெரியாம கிட்ட வருவா. வந்ததும் கதவை முழுசா தள்ளித் திறந்து மணிக்கட்டைப் பிடி. நான் உடனே கட் சொல்லிடுவேன்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா எப்படிடா கத்துவா? சார் என்ன சொன்னாரு, எப்ப வரும்னு தெரியக் கூடாது. இவளுக்கு எல்லாம் தெரியுது, அதான் பிரச்சினை."

"சின்னப் பொண்ணு, பாவம்."

"கொஞ்ச நேரம்தானே. அப்புறம் அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பா பாரேன். சித்தி வர்ற நேரமாச்சுடா, என்னை நம்பு."

சரி என்றான். சரி என்கிற வார்த்தை அவன் வாயிலிருந்து எப்படித்தான் இவ்வளவு சுலபமாக விழுகிறதோ. கொஞ்சம் தள்ளி உட்காருப்பா, பின்னால மறைக்குது, சரி. நீ கடைசி வரிசையில நில்லு, போட்டோவுல பாதி இடம் போயிடுது, சரி. உருவம் பெரிதாக இருப்பவன் முரண்டு பிடித்தால் அது முரட்டுத்தனமாகத் தெரியும் என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டாள், நீ சாதாரணமா பேசினாலே சண்டை போடற மாதிரி இருக்குடா, முதல்ல சிரிச்சிடு, அப்புறம் பேசு. சிரித்தான். கடைக்குள் நுழைந்தால் சிரித்தான், பையைத் திறந்து காட்டச் சொல்லும் காவலாளியைப் பார்த்துச் சிரித்தான். தங்கைக்கு மட்டும் அவனுடைய உருவம் வசதி, தெருவில் யாராவது வம்பு பண்ணினால் எங்க அண்ணன் இப்ப வருவான் என்று சொன்னாலே போதுமாம், வரக்கூட வேண்டாம், நீ ஒரு வாசகம்டா, ஆள் இல்ல என்பாள்…

கதவு மூடிக்கொண்டது. இருட்டு. கம்பளிச் சட்டை மறுபடி கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. வெளியே கேமராக்காரன் எதையோ நகர்த்துகிறான், விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்கிறாள் மேஸ்திரி, நிழல் சுவரில் பெரிதாக விழ வேண்டுமாம். போன மாதம் லிஃப்டில் ஒரு பெண்ணும் அவனும் மட்டும் இருந்தார்கள், அவள் மேல் தளத்துக்கான பொத்தானை அழுத்தியிருந்தாள், அவன் ஏறியதும் அடுத்த தளத்திலேயே இறங்கிக்கொண்டாள், இறங்கி மாடிப்படியில் ஏறிப்போகிற சத்தம் அவனுக்குக் கேட்டது, நல்ல காது இருந்தால் இப்படி வேண்டாததெல்லாம் கேட்கும். அவன் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. மூலையில் ஒண்டி நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டிய பிறகு தெருவில் முன்னால் ஒரு பெண் தனியாக நடந்துபோனால் அவன் நடையை மெதுவாக்குவான், மெதுவாக்கினால் பின்தொடர்கிற மாதிரி ஆகிவிடுகிறது, வேகமாக்கினால் துரத்துகிற மாதிரி, கடைசியில் போனைக் காதில் வைத்து, அம்மா, வந்துட்டேம்மா, தெருமுனையில இருக்கேன் என்று கொஞ்சம் உரக்கச் சொல்வான், மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள், தனக்கும் ஒரு அம்மா இருக்கிறாள் என்று முன்னால் போகிறவளுக்குத் தெரிந்தால் போதும். ஊமைப் போன். இந்தப் படத்தில் அவள் எடுக்கிற போனிலும் யாரும் இல்லை. அக்கா மகன், கைக்குழந்தை, எல்லோரிடமும் போவான், மாமன் தூக்கினால் மட்டும் உதட்டைப் பிதுக்குவான்… யாரையும் ஒரு தடவையாவது பயமுறுத்தியிருக்கிறானா? வேண்டுமென்றே? யோசித்துப் பார்த்தான். கிடையாது. ஒரு பூனையைக் கூட இல்லை. பயமெல்லாம் அவர்களாகவே கொண்டுவந்தது, அவன் வெறுமனே நின்றுகொண்டிருந்தான்.

"ஆக்‌ஷன்."

நடந்து வந்தாள். போன். ஹலோ. பொய்ப் பயம், ஜன்னல் திரை, பெருமூச்சு, இந்தத் தடவை பெருமூச்சு நன்றாக வந்திருந்தது. "யாரு?" அவன் அசையவில்லை. "யாரு?" விரல்கள் கையுறைக்குள் தாமாகவே துடித்தன, இத்தனை தடவை பழகியதில் அந்தக் குரலுக்கு அவை வெளியே போகப் பழகிவிட்டன, அடக்கினான். வெளியே அமைதி. அவள் காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். மேஸ்திரி கட் சொல்லாததால் நடிப்பைத் தொடர வேண்டும் என்று புரிந்துகொண்டிருப்பாள், புத்திசாலிப் பெண், "யாரு அங்க?" என்று வசனத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தாள், ஒரு அடி எடுத்து வைத்தாள், தரையில் வெறுங்கால் ஒட்டி விடுகிற சத்தம், இன்னொரு அடி. அலமாரிக் கதவின் நெடுக்குப் பலகைகளுக்கு நடுவே மேஜை விளக்கின் வெளிச்சம் கோடுகோடாக இருந்தது, கோடுகளில் ஒன்று மறைந்தது, பிறகு இன்னொன்று. அவள் மூச்சு அவனுக்குக் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில்.

"அண்ணா?"

மெதுவாகக் கேட்டாள். அது அந்தப் படத்துப் பெண்ணின் குரல் இல்லை, ஆரஞ்சுச் சுளை வாங்கிக்கொண்ட பெண்ணின் குரல். "அண்ணா… உள்ள நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள், கேமராவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல இன்னும் தாழ்த்தி. பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருக்கேம்மா, ஒண்ணுமில்ல, தள்ளி நில்லு என்று சொல்லலாம், ஒரு இருமல் இருமினால் கூடப் போதும், அவளுக்குப் புரிந்துவிடும், டேக் வீணாகும், மேஸ்திரி கத்துவாள், கத்தட்டுமே, எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்… இருமவில்லை. அப்புறம் ஒன்று நடந்தது, என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை, மனசுக்குள் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அரிப்பெல்லாம், முழங்கால், பூட்ஸ், ஹேங்கர், எல்லாம் சட்டென்று நின்றுபோயிற்று. சிறிதாகிக்கொள்ள வேண்டியதில்லை. சிரிக்க வேண்டியதில்லை. யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. கோடுகளுக்கு நடுவே அவளுடைய கண் தெரிந்தது, உள்ளே எட்டிப் பார்க்க முயல்கிறது, அவனை அதற்குத் தெரியவில்லை, அவனுக்கு அது தெரிகிறது.

கதவைத் தள்ளினான். மணிக்கட்டு கைக்குள் வந்தது, இவ்வளவு மெல்லியதா ஒரு மணிக்கட்டு? அவள் கத்தினாள், அது வாயிலிருந்து வந்த சத்தமாகவே இல்லை, எங்கேயோ அடியிலிருந்து கிளம்பி நடுவில் கிழிந்து மறுபடி மேலே போயிற்று, கண் அவன் முகத்தைப் பார்த்தது, பார்த்தும் யாரென்று தெரியாத பார்வை.

"கட்," என்றாள் மேஸ்திரி.

கை மணிக்கட்டின் மேலேயே இருந்தது.

"கட் சொன்னேன்டா, போதும்."

விட்டான். விரலைப் பிரிக்க ஒரு முயற்சி வேண்டியிருந்தது போல இருந்தது, கையுறை வியர்த்து ஒட்டியிருந்ததாலோ என்னவோ. கேமராக்காரன் கை தட்டினான், மேஸ்திரி ஓடிவந்து சுண்டுவைக் கட்டிக்கொண்டாள், வந்துடுச்சு, வந்துடுச்சு, இதுக்குத்தான் சொல்லல, மன்னிச்சுக்கோ, என்னமா கத்தின என்றாள். சுண்டு சிரித்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டே சிரித்தாள், ஐயோ அக்கா, உயிரே போயிடுச்சு என்றாள், மேஸ்திரி சொன்ன மாதிரியே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் அலமாரியின் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். வலிச்சுதா என்று கேட்டான். "இல்ல, இல்ல," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது, மேஜையில வைங்க, எடுத்துக்கறேன் என்றாள், வைத்த பிறகு எடுத்துக்கொண்டாள். வைங்க. வெறும் வைங்க. அதற்குப் பின்னால் எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு வார்த்தை இருந்தது, அது எங்கே போயிற்று என்று அவன் கேட்க முடியாது, அதைக் கேட்கிற மாதிரி ஒரு வாக்கியம் தமிழில் இல்லை.

கேமராவின் சின்னத் திரையில் எல்லோரும் ஒரு தடவை பார்த்தார்கள். அவன் முகம் எங்கேயும் இல்லை, முதுகும் கையும்தான். நல்ல படம். அவனுக்கே தெரிந்தது, இந்த வருஷம் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படமாக இருக்கும். கட் சொன்ன பிறகு ஓடிய பகுதியையும் கேமராக்காரன் பதிந்திருந்தான், அதுலயும் பிடிச்சுக்கிட்டே இருந்தியா, அதையும் சேர்த்துக்கலாம்டா, பேர் வர்ற வரைக்கும் அந்தக் கை அப்படியே நிக்கும் என்றான்.

அதற்குள் வாசல் மணி அடித்தது. சித்தி. அவர் வருவதற்குள் வீட்டை வீடாக்க முடியவில்லை, ஆனால் அவர் கோபப்படவில்லை, கைப்பையை வைத்துவிட்டு, என்னடி இது, எங்க வீட்டுல பகல்லயே ராத்திரியா என்று கேட்டார், அப்புறம் சுண்டுவின் மணிக்கட்டைப் பார்த்தார், நர்ஸுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் பிடிச்சது?"

"நான்தான்," என்றான். எழுந்து நின்றான். எழுந்து நின்றதும் அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது, உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. கொலைகாரன் வேஷத்துக்கான மழைக்கோட்டு வேறு இன்னும் போட்டிருந்தான். அவர் அவனைப் பார்த்தார், வழக்கமாக எல்லோரும் பார்க்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம், அவன் அந்தப் பார்வைக்குத் தயாரானான், சிரிப்பதற்குக் கூட மறந்துவிட்டது.

"நீயாப்பா கொலைகாரன்?" என்றார். "உன் மூஞ்சியைப் பார்த்தா அப்படி ஒண்ணும் தெரியலையே. வேற ஆள் கிடைக்கலையா இவளுக்கு?" சுண்டுவிடம், "ஒண்ணுமில்ல கண்ணு, குளிர்ந்த தண்ணியில கொஞ்ச நேரம் வெச்சிரு, சிவப்பு போயிடும்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தான்? யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், பார்த்ததும் சொல்ல வேண்டும் என்று. இன்றைக்கு வந்தது. நேற்று வந்திருந்தால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருப்பான். இப்போது அது தப்பான வீட்டுக் கதவைத் தட்டிய தபால் மாதிரி நின்றது, வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அந்தம்மாளைக் கூப்பிட்டு, இல்லைங்க, கொஞ்சம் சரியாகப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

கறுப்புத் துணிகளைக் கிழித்து எடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஜன்னலாக வெயில் உள்ளே வந்து விழுந்தது, சாயங்கால வெயில், பழுத்த நிறத்தில், அறை ரொம்பச் சாதாரணமாக இருந்தது, ஒரு கட்டில், ஒரு அலமாரி, யாரோ ஒருவர் ஒழுங்காக வாழ்கிற இடம். அவன் கட்டிலுக்கடியிலிருந்து பதிவுக் கருவியை நாடாவோடு உரித்து எடுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தான். அது அவன் வேலை, ஒலி சரியாக விழுந்திருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும், போன பிறகு பார்த்து அழக் கூடாது. "டேய், நடுவுல அண்ணா, அண்ணான்னு ஏதோ சொன்னாளே, அதை எடுத்துடு," என்று மேஸ்திரி ஸ்டூல் மேலிருந்து சொன்னாள், ஒரு காது வழியாகக் கேட்டது. "மூச்சு மாதிரி ஆக்கிடு. கொலைகாரனை அண்ணான்னு கூப்பிட்டா சிரிப்பாங்க." சரி என்றான்.

ஓடவிட்டான். வெறுங்கால் சத்தம் அழகாக விழுந்திருந்தது. யாரு. யாரு. யாரு அங்க. அண்ணா. அண்ணா, உள்ள நல்லாத்தானே இருக்கீங்க. பிறகு ஒன்றுமில்லை. அவன் நினைவில் அந்த ஒன்றுமில்லாதது கண் இமைக்கிற நேரம்தான், கேட்டாள், கதவைத் தள்ளினான், அவ்வளவுதான் நடந்தது. கருவியில் அது போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரமா? பழுதாகி நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தான், ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவள் மூச்சு கேட்டது, காத்திருக்கிறவளின் மூச்சு, எங்கேயோ தெருவில் ஒரு வண்டி போயிற்று, அது போய் மறைகிற வரைக்கும் அவன் பதில் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறான். அப்புறம், கதவு திறப்பதற்குச் சற்று முன்னால், சின்னதாக ஒரு சத்தம். நிறுத்தினான். திருப்பினான். மறுபடி கேட்டான். துணி உரசல் இல்லை, ஹேங்கரும் இல்லை, ஹேங்கரின் சத்தம் அவனுக்குத் தெரியும். மூக்கு வழியாக விடுகிற ஒரு மூச்சு, குட்டியாக, உதட்டை மூடிக்கொண்டு. அடக்கி வைத்திருந்த மூச்சைக் கதவைத் தள்ளுகிற வேகத்தில் விட்டிருக்கலாம். பாரமான எதையும் தள்ளினால் அப்படி மூச்சு வரும். எண்ணெய் போட்ட கதவுக்கு என்ன பாரம்? ஏதோ வேடிக்கை நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்களும் அப்படித்தான் மூச்சு விடுவார்கள். மறுபடி திருப்பினான்.

நிழல் ஒன்று மேலே விழுந்தது. சுண்டு, ஈரக் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே நின்றாள். அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"நான் கூப்பிட்டது அதுல இருக்கா?"

"இருக்கு."

"உங்களுக்கும் உள்ள கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் கருவி கையில் இருந்தது. "மேஸ்திரிதான் சத்தம் போடாம இருக்கச் சொன்னா."

"தெரியும், அக்கா சொன்னாங்க." துண்டின் நுனியை மடித்தாள், பிரித்தாள். "காத்து இல்லாம மயக்கம் போட்டுட்டீங்களோன்னு நினைச்சேன். சும்மாதான் கேட்டேன்." போய்விட்டாள். கோபம் இல்லை அவளுக்கு, கோபமாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தலாம். வாசலருகே மேஸ்திரியோடு பேசிக்கொண்டு நின்றாள், என்னவோ சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை அவன் இந்தப் பக்கமிருந்தே சரி பார்த்தான், சிரிப்புதான், நடுக்கமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள்.

மூச்சை வெட்டிவிடலாம். அண்ணாவை எடுக்கும்போதே அதையும் சேர்த்து எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, இந்தக் குழுவில் அதைக் கேட்கிற காது அவனுடையது மட்டும்தான். ஆனால் என்னவென்று தெரியாமல் எப்படி வெட்டுவது? சிரிப்பு என்றால் ஒரு மாதிரி, மூச்சு என்றால் ஒரு மாதிரி. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இத்தனை தடவை கேட்கிறான். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு பின்னுக்குத் தள்ளினான், அண்ணா, அமைதி, வண்டி, மூச்சு, கதவு, கத்தல்… மறுபடி, அண்ணா, அமைதி, வண்டி, மூச்சு, கதவு, கத்தல்… அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, மூச்சைச் சரிபார்க்கிறவன் மூச்சோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு தடவை கூட நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கத்தி முடிக்கிற வரைக்கும் ஓடவிட்டிருக்கிறான்.

"டேய், கிளம்பலாமா?" என்றாள் மேஸ்திரி.

"ஒரு நிமிஷம்," என்றான். இந்தத் தடவை மூச்சு வந்ததும் நிறுத்திவிடுவது என்று கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அண்ணா வந்தது, அமைதி வந்தது, வண்டி வந்து போயிற்று, மூச்சு வந்தது, விரல் அப்படியே இருந்தது.